நாகியோஸிலிருந்து புரோமீதியஸுக்கு மாறியபோது

சர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கும் மானிட்டரிங்கை மாற்றப் போகிறோம் என்று முடிவானதும் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இப்போ இருக்கிற செக்கையெல்லாம் அப்படியே புதுசுக்கு மாத்தித் தர ஏதாவது ஸ்கிரிப்ட் இருக்கா?" நியாயமான கேள்விதான். ஆயிரக்கணக்கான வரி கான்ஃபிக், பல பேருடைய பல வருட உழைப்பு. யாருக்குத்தான் மறுபடி உட்கார்ந்து எழுத மனசு வரும்? ஆனால் நாகியோஸ் என்ற பழைய கண்காணிப்பு மென்பொருளிலிருந்து புரோமீதியஸ் என்ற புதியதற்கு மாறும் வேலையில் ஆரம்பம் முதல் கடைசி வரை இருந்த பிறகு சொல்கிறேன்: அப்படி ஒரு ஸ்கிரிப்ட் கிடைத்தாலும் வேண்டாம். பழைய செக், அதாவது சோதனை, ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இதை எதற்காகப் போட்டார்கள், இது அடித்தால் யார் எழுந்து என்ன செய்வார் என்று கேட்க வேண்டும். பதில் கிடைத்ததை மட்டும் புதிதாக எழுத வேண்டும். நேரம் முழுக்க அங்கேதான் போகிறது. மென்பொருளை நிறுவுவதெல்லாம் ஒரு மதிய வேலை.

நாகியோஸுக்குச் சேர வேண்டிய மரியாதையை முதலிலேயே செலுத்திவிடுகிறேன். ஈதன் கால்ஸ்டாட் 1999இல் அதை நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டார். வணிகப் பெயர்ச் சிக்கல் வந்ததால் 2002இல் நாகியோஸ் ஆனது. அது பிளகின்களோடு, அதாவது செக்கைச் செய்யும் சின்ன நிரல்களோடு, செய்துகொண்ட ஒப்பந்தம் அவ்வளவு எளிமையானது. எந்த மொழியில் வேண்டுமானாலும் ஒரு நிரல் எழுதுங்கள். முடியும்போது 0 என்று வெளியேறினால் ஓகே, 1 என்றால் வார்னிங், 2 கிரிட்டிக்கல், 3 அன்னோன். கூடவே ஒரு வரி விளக்கம் அச்சிட்டால் போதும். நாலு வரி ஷெல் எழுதத் தெரிந்த யாரும் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு செக் போட்டுவிடலாம். அதிலிருந்து 2009இல் பிரிந்து போன ஐசிங்காவும் இதே ஒப்பந்தத்தைத்தான் வைத்துக்கொண்டது. இவ்வளவு வருடம் தாக்குப்பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் சிக்கலும் அதே ஒப்பந்தத்தில்தான் இருந்தது. பிளகின் ஒரு எண்ணை அளக்கிறது, அங்கேயே அப்போதே தீர்ப்புச் சொல்கிறது, எண்ணை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் அனுப்புகிறது. பைப் குறிக்குப் பிறகு எண்ணையும் சேர்த்து அனுப்பலாம்தான். ஆனால் அதை எடுத்து ஆர்ஆர்டி என்ற தரவுக் கோப்பில் போட்டு வரைபடமாக்க வேறொரு கருவி வேண்டும். தீர்ப்புச் சொல்லும் இடமும் வரைபடம் போடும் இடமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஆர்ஆர்டி பழைய தரவைச் சராசரியாகச் சுருக்கிக்கொண்டே போகும். மேக்ஸ் மதிப்பையும் தனியாகச் சேமிக்கச் சொல்லி வைத்திருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் போன வருடம் பத்து நிமிடம் முட்டி நின்ற சிபியு, இந்த வருட வரைபடத்தில் ஒரு சின்ன மேடாகக்கூடத் தெரியாது.

வரம்புகள் எங்கே இருந்தன என்பது இன்னொரு தலைவலி. ஒவ்வொரு சர்வரிலும் நாகியோஸுக்காகச் செக்கை ஓட்டும் என்ஆர்பிஇ என்ற ஏஜென்ட், வெளியிலிருந்து வரும் அளவுருக்களைப் பாதுகாப்புக்காக இயல்பாகவே ஏற்காது. அதனால் 80 சதவீதத்தில் வார்னிங், 90இல் கிரிட்டிக்கல் என்ற எண்களெல்லாம் ஒவ்வொரு சர்வரின் உள்ளே அதனதன் கான்ஃபிக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சர்வர்களில் இரண்டு வேறு எண்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

புரோமீதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுடில் தொடங்கியது. கூகிளில் வேலை பார்த்துவிட்டு வந்த மேட் பிரௌடும் ஜூலியஸ் வோல்ஸும் அங்கே பழகியிருந்த போர்க்மான் என்ற உள்ளகக் கருவியின் யோசனைகளை வைத்து எழுத ஆரம்பித்தார்கள். 2016இல் குபர்நெட்டீஸுக்கு அடுத்ததாக சிஎன்சிஎஃப் என்ற திறந்தமூல அமைப்பில் இரண்டாவது திட்டமாகச் சேர்ந்தது. சிலர் 'சர்வரிடம் போய்க் கேட்டு வாங்கும் புல் முறைதான் இதில் புதுமை' என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. என்ஆர்பிஇ வழியாக நாகியோஸும் சர்வரிடம் போய்க் கேட்டுத்தான் வந்தது, 5666 போர்ட்டில். இப்போது 9100இல், சர்வரின் எண்களைச் சொல்லும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற நிரலைக் கேட்கிறோம். மாறியது தீர்ப்புச் சொல்லும் இடம். எக்ஸ்போர்ட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. எண்களை ஒப்பிப்பது மட்டும்தான் அதன் வேலை. பிரௌசரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வரிவரியாக நாமே வாசிக்கலாம். எது சரி, எது தப்பு என்ற கேள்வியை நடுவில் இருக்கும் சர்வரில், சேர்ந்துகிடக்கும் எண்களிடம், பிறகு கேட்கிறோம். கேள்வி தப்பென்று தோன்றினால் நேற்றைய எண்களை வைத்தே திருத்தி எழுதிப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே கவுன்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நெட்வொர்க் கார்டு இதுவரை எத்தனை பைட் அனுப்பியது, செயலி எத்தனை கோரிக்கைகளில் பிழை கொடுத்தது என்பதெல்லாம் ஏறிக்கொண்டே போகும் எண்களாக வருகின்றன. நொடிக்கு எவ்வளவு என்பதை ரேட் ஃபங்ஷன் கணக்கிட்டுத் தரும். இடையில் ஒரு முறை அளக்க முடியாமல் போனாலும் மொத்தம் தொலைந்துபோகாது, அடுத்த அளவீட்டில் சேர்ந்தே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போய் 'இப்போது எப்படி இருக்கிறாய்' என்று மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய விடுதலை. இரண்டு செக்குகளுக்கு நடுவே வந்துபோன தொல்லைகள் முதல் முறையாகக் கண்ணில் படும்.

டிஸ்க் செக்கை எடுத்துக்கொள்வோம். நாகியோஸில் எல்லோரும் முதலில் போடுவது அதைத்தான். 90 சதவீதம் நிரம்பினால் கிரிட்டிக்கல். 20 ஜிபி ரூட் பார்ட்டிஷனில் 90 என்றால் மிச்சம் 2 ஜிபி. ஒரு லாக் கோப்பு வெறிபிடித்தால் கால் மணியில் காலி. 4 டிபி தரவு டிஸ்க்கில் 90 என்றால் இன்னும் 400 ஜிபி சும்மா கிடக்கிறது. மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் ஒரே அலர்ட், ஒரே ராத்திரி அழைப்பு. இதை அப்படியே மொழிபெயர்த்து புரோமீதியஸில் எழுதினால் பழைய எரிச்சலைப் புதுச் சட்டை போட்டு அழைத்து வந்ததாகத்தான் ஆகும்.

கேட்க வேண்டியது, எப்போது நிரம்பும் என்பதை. அதற்கு பிரெடிக்ட் லீனியர் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. கடந்த 6 மணி நேரப் போக்கைக் கொடுத்து, இதே வேகத்தில் போனால் இன்னும் 4 மணி நேரத்தில் காலி இடம் பூஜ்யத்துக்குக் கீழே போகுமா என்று கேட்கலாம். கேட்க அருமையாக இருக்கும். தனியாகப் போட்டால் அதுவும் ஏமாற்றும். பேக்கப் நேரத்தில் தற்காலிகக் கோப்புகள் மளமளவென்று ஏறும், முடிந்ததும் அழிந்துவிடும். அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு ஃபங்ஷன் கூப்பாடு போடும். அதனால் இன்னொரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்: போக்கும் மோசமாக இருக்க வேண்டும், காலி இடமும் ஏற்கெனவே 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இந்த நிலை அரை மணி நேரம் தொடர வேண்டும். நாகியோஸில் சாஃப்ட், ஹார்டு நிலை என்றும் எத்தனை முயற்சிக்குப் பிறகு அறிவிப்பு என்றும் வைத்திருந்ததன் வேலையை இங்கே 'ஃபார்' என்ற ஒற்றை வரி செய்கிறது. அந்த அரை மணியை அதில்தான் சொல்கிறோம்.

இனி வருவதுதான் மாறுகிற எல்லோரும் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். நாகியோஸில் பதில் வராமல் போவதே ஒரு பதில். என்ஆர்பிஇ செத்துவிட்டால் செக் தோற்கும், பக்கத்தில் சிவப்போ ஆரஞ்சோ தெரியும், யாராவது பார்ப்பார்கள். புரோமீதியஸில் அலர்ட் என்பது ஒரு தேடல். நிபந்தனைக்குப் பொருந்தும் தொடர்கள், அதாவது நேரவாரியாகச் சேர்ந்த எண் வரிசைகள், கிடைத்தால் அலர்ட், எதுவும் கிடைக்கவில்லை என்றால் அமைதி. எல்லாம் நன்றாக இருப்பதால் வெறுமையாக வந்ததா, தரவே இல்லாததால் வெறுமையாக வந்ததா என்ற வித்தியாசம் அந்தத் தேடலுக்குத் தெரியாது.

இதன் மோசமான வடிவத்தைச் சொல்கிறேன். ஒரு சர்வரில் மெமரி தீர்ந்துகொண்டே வருகிறது, அலர்ட் அடிக்கிறது. ராத்திரி அழைப்புக்குப் பொறுப்பான ஆன்கால் ஆள் எழுந்து லேப்டாப்பைத் திறக்கிறார். அதற்குள் சர்வர் மொத்தமாக விழுந்துவிடுகிறது. எக்ஸ்போர்ட்டரும் போய்விட்டதால் அந்தத் தொடர்கள் காலாவதி ஆகின்றன, தேடல் வெறுமையாகிறது, போனுக்கு 'சரியாகிவிட்டது' என்று செய்தி வருகிறது. அவர் நிம்மதியாகப் படுத்துவிடலாம். சர்வரோ செத்துக் கிடக்கிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒவ்வொரு இலக்கையும் கேட்டுவிட்டு வரும்போது புரோமீதியஸே 'அப்' என்று ஒரு அளவீட்டை எழுதி வைக்கிறது. பதில் வந்தால் 1, வராவிட்டால் 0. இது 0 ஆனால் அடிக்கும் விதியை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத வேண்டும். ஆனால் இலக்குப் பட்டியலிலிருந்தே ஒரு சர்வர் காணாமல் போனால் 'அப்' தொடரும் கூடவே காணாமல் போகும். இலக்குகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் சர்வீஸ் டிஸ்கவரியில் ஒரு லேபிளை, அதாவது அடையாளக் குறியை, தப்பாகப் போட்டால் போதும், ஒரு குழுவின் சர்வர்கள் மொத்தமும் சத்தமில்லாமல் விலகிவிடும். அதற்கு, ஒரு தொடர் இல்லாமல் போனதைச் சொல்லும் ஆப்சென்ட் ஃபங்ஷன் இருக்கிறது. அதைவிட, சொத்துப் பட்டியலில் இருக்கும் சர்வர்களையும் புரோமீதியஸ் பார்க்கும் சர்வர்களையும் தினம் ஒரு முறை ஒப்பிடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை நான் அதிகம் நம்புகிறேன்.

பெயர் மாறினாலும் இதே கதைதான். நோட் எக்ஸ்போர்ட்டரின் 0.16 பதிப்பு 2018இல் வந்தபோது சிபியு உட்படப் பல அளவீடுகளின் பெயர்கள் மாறின. பழைய பெயரில் எழுதிய விதி பிழை எதுவும் காட்டாமல், என்றைக்கும் அடிக்காமல், பத்திரமாக உட்கார்ந்திருக்கும். எழுத்துப் பிழைக்கும் இதே தண்டனை. புரோமீதியஸோடு வரும் பிராம்டூலில் விதிகளுக்குச் சோதனை எழுதும் வசதி இருக்கிறது: இந்த எண்கள் வந்தால் இந்த நிமிடத்தில் இந்த அலர்ட் அடிக்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம். விதியின் தர்க்கம் சரியா என்பதை அது சொல்லிவிடும். அந்தப் பெயரில் நிஜமாகவே தரவு வருகிறதா என்பதை உண்மையான சர்வரில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஆளை எழுப்பும் எந்த விதியையும் இந்த இரண்டும் செய்யாமல் ஏற்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். சில நண்பர்களுக்கு இது அதிகப்படியாகத் தெரிகிறது. தெரியட்டும்.

பேக்கப் செக்குகளையும் இந்தக் கண்ணோடுதான் மாற்றி எழுத வேண்டும். பழைய பிளகின், பேக்கப் ஜெயித்ததா தோற்றதா என்று சொன்னது. புதிதில் அதை 0, 1 ஆக்கி அனுப்பத் தோன்றும். வேண்டாம். கடைசியாக எப்போது வெற்றியாக முடிந்தது என்ற நேரத்தை ஓர் எண்ணாக எழுதுங்கள். பேக்கப் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரி அந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதும், நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் அதை எடுத்துச் சொல்லும். நேரடியாக அந்தக் கோப்பில் எழுதாமல், பக்கத்தில் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துவிட்டு ரீநேம் செய்ய வேண்டும், இல்லையென்றால் பாதி எழுதியதை எக்ஸ்போர்ட்டர் வாசித்துவிடும். தினசரி பேக்கப் என்றால், கடைசி வெற்றிக்குப் பிறகு 26 மணி நேரம் தாண்டிவிட்டதா என்று விதி கேட்கும். பேக்கப் தோற்றாலும், குறித்த நேரத்தில் அதை ஓட்டும் கிரான் ஓடாமலே போனாலும், ஸ்கிரிப்ட்டை யாரோ அழித்துவிட்டாலும் அடிக்கும். தோல்விகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பட்டியல் போட வேண்டியதே இல்லை.

சேமிப்புக் கணக்கு பலரும் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல. ஓர் அளவீட்டுக்குச் சராசரியாக 1 முதல் 2 பைட் ஆகிறது. 500 சர்வர், ஒவ்வொன்றிலும் 1,000 தொடர், 15 நொடிக்கு ஒரு முறை என்று வைத்தால், 2 பைட் கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 5.8 ஜிபி. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 15 நாள் வைத்திருக்கும், அதற்கு 90 ஜிபிக்குள். வருடக்கணக்கில் வேண்டுமென்றால் தானோஸ், மிமிர், விக்டோரியாமெட்ரிக்ஸ் போன்றவற்றைப் பார்க்கலாம். உண்மையில் பயப்பட வேண்டியது லேபிள்களுக்கு. லேபிள் மதிப்புகளின் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு தனித் தொடர். மதிப்புகளை வரம்புவாரியாக எண்ணும் ஒரு ஹிஸ்டோகிராமில் 10 பக்கெட், 50 முகவரி, 20 சர்வர் என்றால் 10,000 தொடர். இதில் யாராவது ஆசையாக வாடிக்கையாளர் எண்ணையும் ஒரு லேபிளாகச் சேர்த்தால், 1,000 வாடிக்கையாளருக்கு ஒரு கோடி தொடர். மெமரி அங்கேயே முடிந்தது. எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாத எதையும் லேபிள் ஆக்கக் கூடாது. அது லாகில் இருக்க வேண்டிய சமாச்சாரம்.

அப்புறம், பழைய சிஸ்டத்தைச் சுற்றி யாரும் எழுதி வைக்காமல் வளர்ந்திருக்கும் வேர்களைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நாகியோஸுக்கு வெளிக் கட்டளை பைப் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வரி எழுதினால் ஒரு சர்வருக்கு டவுன்டைம், அதாவது அறிவிப்பு வராத பராமரிப்பு நேரம், போட்டுவிடலாம். பேட்ச் போடும் ஸ்கிரிப்ட், ராத்திரி ரீஸ்டார்ட் செய்யும் கிரான், டேட்டாபேஸ் குழு சொந்தமாக எழுதிய ஏதோ ஒன்று, எல்லாம் அமைதியாக அந்தப் பைப்பில் எழுதிக்கொண்டிருக்கும். புதிதில் அதற்கு, அலர்ட்டுகளை ஆட்களுக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜரில் சைலன்ஸ் போட வேண்டும், ஏபிஐ வழியாகவோ ஏஎம்டூல் என்ற அதன் கட்டளைக் கருவி வழியாகவோ. இந்த ஸ்கிரிப்ட்டுகளைத் தேடி மாற்றாமல் விட்டால் முதல் பேட்ச் இரவில் குழு முழுவதும் விழித்துக்கொள்ளும். அதே மாதிரி நாகியோஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் துருவி மாத அறிக்கை தயாரிக்கும் ஸ்கிரிப்ட்டும் எங்காவது ஒன்று இருக்கும். கோப்பை யார் வாசிக்கிறார்கள், பைப்பில் யார் எழுதுகிறார்கள் என்று சில வாரம் ஆடிட் போட்டுப் பார்ப்பது நல்லது. கூட்டத்தில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

பேரன்ட் உறவும் இப்படித்தான். ஒரு சுவிட்ச் விழுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் சர்வர்களை அன்ரீச்சபிள் என்று நாகியோஸ் தானே புரிந்துகொள்ளும். அந்த நிலைக்கு அறிவிப்பு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால், சுவிட்சுக்கு ஒரே ஒரு செய்தி. அலர்ட்மேனேஜரில், ஓர் அலர்ட் அடிக்கும்போது மற்றதை அடக்கும் இன்ஹிபிஷன் விதியால் இதைச் செய்யலாம். ஆனால் எந்த சர்வர் எந்த சுவிட்சுக்குப் பின்னால் என்பது லேபிளாக வந்திருக்க வேண்டும். அந்த விவரம் பழைய கான்ஃபிக்கில் மட்டும்தான் இருக்கும், அதனால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

வரைபடப் பக்கங்கள் கட்டும் கிராஃபானா வந்ததும் டாஷ்போர்டு ஆசை எல்லோருக்கும் வரும். வரட்டும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் பழைய ஆட்கள் காலையில் வந்ததும் திறந்த பக்கம் ஒன்றே ஒன்று: இப்போது எதெல்லாம் கெட்டிருக்கிறது, எவ்வளவு நேரமாக, யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாகியோஸின் அந்தப் பிரச்சினைப் பட்டியல் பார்க்க அழகில்லை, ஆனால் கேள்விக்கு ஒரே பார்வையில் பதில் சொன்னது. அதற்கு ஈடான பக்கத்தை முதல் வாரமே கட்டிக் கொடுக்காவிட்டால் அவர்கள் பழையதையே திறந்துகொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

செக்குகளைக் கழிக்கும் கூட்டங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். சிபியு 95 சதவீதம் என்று ஓர் அலர்ட். அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "உள்ளே போய்ப் பார்ப்போம், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும்" என்பார்கள். அப்படியானால் அது ராத்திரி யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அந்த எண் வரைபடத்தில் இருந்தால் போதும். பயனர் கோரிக்கைகளுக்குத் தாமதமாகிறதா, பிழை ஏறுகிறதா என்று கேட்பதே சரியான கேள்வி. கூகிளில் சேவைகளின் நம்பகத்தன்மையைப் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ குழுக்கள் பரப்பிய தாமதம், போக்குவரத்து, பிழை, நிறைவு என்ற நான்கு அளவுகளை வைத்துத் தொடங்கினால் பேச்சு சீக்கிரம் ஒரு வழிக்கு வரும். ஆனால் எதையும் வெட்டுவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். ஒரு பிளகினில் 37 நிமிடம் என்று விநோதமான வரம்பு இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு கெட்ட ராத்திரி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

இரண்டையும் சேர்த்து ஓட்டும் காலத்தில், புதியதன் அலர்ட்டுகள் யாரையும் எழுப்பாத ஒரு சேனலுக்குப் போகட்டும். வாரத்துக்கு ஒரு முறை ஒப்பிட வேண்டும். பழையது சொல்லிப் புதியது சொல்லாதது எது, புதியது மட்டும் சொன்னது எது. முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் 'வேண்டாம் என்று விட்டோம்' அல்லது 'விதி எழுத வேண்டும்' என்று பக்கத்தில் ஒரு பதில் இருக்க வேண்டும். இந்தக் காலத்துக்கு முடிவுத் தேதியையும் ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும். தேதி இல்லாவிட்டால் இரண்டு சிஸ்டமும் வருடக்கணக்கில் சேர்ந்தே ஓடும், எதை நம்புவது என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

நிறுத்தும்போது படிப்படியாக நிறுத்துவது நல்லது. முதலில் நாகியோஸின் அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிட்டு, பக்கம் திறந்திருக்கட்டும். பிறகு செக்குகள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வரிலும் என்ஆர்பிஇயை எடுத்து 5666ஐ மூடுவது. இதைத் தள்ளிப்போட்டால் யாரும் பேட்ச் போடாத ஒரு ஏஜென்ட் வருடக்கணக்கில் காது கொடுத்துக்கொண்டிருக்கும். கான்ஃபிக் முழுவதும் கமென்ட்டுகளோடு கிட் களஞ்சியத்தில் போய்விட வேண்டும். அறிவிப்பை அணைக்கும் நாளுக்கு முன்பே, புரோமீதியஸில் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் வாட்ச்டாக் அலர்ட் ஒன்றை எழுதி, அது நின்றுபோனால் கூப்பிடும் வேலையை வெளியே இருக்கும் வேறொரு சேவையிடம் கொடுத்திருக்க வேண்டும். கண்காணிப்பு சர்வரே விழுந்தால் சொல்ல வேறு ஆள் கிடையாது.

எஸ்என்எம்பி நெறிமுறையில் டிராப் என்ற செய்தியைத் தானாக அனுப்பும் சில பழைய யுபிஎஸ்களும் சேமிப்பு அலமாரிகளும் மட்டும் எங்களிடம் இன்னும் பழைய வழியிலேயே இருக்கின்றன. போய்க் கேட்டால் பதில் சொல்லும் சாதனங்களுக்கு எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் இருக்கிறது. தானாக வந்து சொல்லிவிட்டுப் போகும் டிராப்புக்கு புரோமீதியஸின் அச்சில் இடம் கிடையாது. அதை வளைத்துத் திணிப்பதைவிட, டிராப்பை வாங்கி நேராக அலர்ட்மேனேஜருக்குத் தள்ளும் ஒரு சின்ன நிரலை எழுதிக்கொண்டிருக்கிறோம். அது முடிகிற வரை பழைய சர்வர் ஒன்று ஓடும். அதற்குப் பொறுப்பானவர் பெயரும் கடைசித் தேதியும் ரேக்கில் ஒட்டியிருக்கிறது.